அலையாத்திக் காட்டை அயன்மொழியில் கற்பதா?

தமிழ்நாட்டுப் பள்ளிகளிற் சுற்றுச்சூழற் கல்வி என்னும் பெயரால் ஆண்டுதோறும் ஒரு கூத்து நடந்தேறுகின்றது. சூன் 5ஆம் நாள் வந்தால் ஒரு மரக்கன்று. அதனைச் சுற்றி நாற்பது பிள்ளைகள். பிள்ளைகட்கு முன்னால் பெரியவர் நால்வர். அவர்கட்கு முன்னால் ஒரு நிழற்படக் கருவி. கன்று நட்ட குழிக்கு மறுநாள் நீரூற்றுவார் இலர். அடுத்த ஆண்டு அதே குழி, வேறு கன்று. இதனைச் செயல்வழிக் கல்வி என்று எழுதி மேலிடத்திற்கு விடுக்கின்றனர். மேலிடமும் படித்து மகிழ்கின்றது.

இக்கூத்து எங்கு நடப்பினும் நகைப்பிற்குரியதே. முத்துப்பேட்டையில் நடப்பின் அது நகைப்போடு நில்லாது பழிப்பிற்கும் உரியதாகும். பாமணியாறும் கோரையாறும் கிளைதாங்கியாறும் மரைக்காக் கோரையாறும் எனக் காவிரியின் கடைமடைக் கிளைகள் பலவும் தம் எஞ்சிய நீரைக் கொண்டுவந்து கொட்டும் காயல் அவ்வூர்க்குத் தெற்கே பரந்து கிடக்கின்றது. அக்காயலைச் சூழ்ந்து, ஏறத்தாழ 12,000 எக்டேர்ப் பரப்பில், தமிழ்நாட்டின் அலையாத்திக் காடுகளுள் தலையாயது நிற்கின்றது. கோடியக்கரையோடு சேர்த்து இதனை உலகச் சிறப்புடைய ஈரநிலமென 2002இல் இராம்சார் உடன்படிக்கையின்கீழ் அறிவித்தும் உள்ளனர். உலகம் அறிந்த காட்டைத் தன் வீட்டுக் கொல்லைக்கு அப்பால் வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, பள்ளி முற்றத்துத் தொட்டிச் செடியைக் காட்டி இயற்கையைக் கற்பிப்பது எத்தகைய அறிவீனம்!

அக்காட்டுள் ஒருநாள் நின்றாற் போதும். அலையாத்தி இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உவர்நீரிலிருந்து மிகை உப்பை இலை வெளியேற்றுவதை எட்டு அகவைப் பிள்ளையும் தன் நாவாலேயே கண்டறியும். காலடியில் எழுதுகோல் முனைகள்போற் சேற்றைக் குத்திக்கொண்டு மேனோக்கி நிற்பவை மூச்சுவேர்கள். சேற்றுள் உயிர்வளி இன்மையால் வேர் வெளியே வந்து மூச்சு வாங்குகின்றது. கிளையில் தொங்கும்போதே கனிக்குள் வித்து முளைவிட்டுவிடுகின்றது. விழுந்ததும் ஓதம் அடித்துக்கொண்டு போகுமுன் வேரூன்ற வேண்டுமன்றோ? தில்லையின் பால் கண்ணிற் பட்டால் என்னாகும் என்பதை அவ்வூர்ப் படகோட்டி எவரைக் கேட்பினும் சொல்வார். நான்கு பாடங்கள் நான்கு அடி தொலைவில் கிடக்கின்றன. இவற்றை விட்டுவிட்டு வங்கத்துச் சுந்தரவனத்தின் படத்தைச் சுவரில் ஒட்டி, அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி ஒப்பிக்கச் சொல்வதா கல்வி?

ஆணைகட்குக் குறைவில்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இலேயே தில்லி உச்ச முறைமன்றம் சுற்றுச்சூழலைப் பள்ளிகளிற் கட்டாயப் பாடமாக்க வேண்டுமெனத் தீர்ப்புரைத்தது. 2001இல் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் பள்ளிதோறும் பசுமைப் படை அமைக்கத் தொடங்கியது. படை என்ற பெயருக்கு ஒரு குறையுமில்லை; அணிவகுப்பும் பதாகையும் உண்டு. போர்க்களந்தான் இல்லை! காட்டையும் கழியையும் காணாத படை எதனைக் காக்கப் போகின்றது?

இவற்றினிடையே உண்மையான முயற்சி ஒன்று நடந்ததை மறைத்தல் முறையன்று. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு என வழங்கும் சிறுவர் அறிவியல் மாநாடு 1993 முதல் நாடளவில் நடந்துவரலாயிற்று. தமிழ்நாட்டில் அதனைப் பட்டிதொட்டிகட்கெல்லாம் கொண்டுசென்றது 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 'துளிர்' என்னும் சிறுவர் அறிவியல் இதழைத் தமிழில் 1987 முதல் நடத்திவருவதும் அவ்வியக்கமே. அம்மாநாட்டின் அடிப்படை எளியது, ஆயின் ஆழமானது. பத்து முதல் பதினேழு அகவைக்குட்பட்ட பிள்ளைகள் சிறு குழுவாகக் கூடித் தம் ஊரின் சிக்கல் ஒன்றைத் தாமே தெரிந்தெடுக்க வேண்டும். ஊராரை உசாவி, அளந்து, எண்ணி, ஒப்பிட்டு, கண்டதை எழுத வேண்டும். கடையிற் பொருள் வாங்கி ஒட்டிய பொம்மைக்கு அங்கே இடமில்லை. தாய்மொழியில் எழுதவும் பேசவும் அது வழிவிட்டது. குளத்து நீர், கிணற்று உவர், வயற்பூச்சி, ஊர்க் குப்பை எனத் தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் ஆய்ந்தெழுதிய கட்டுரைகள் அவ்வழி பிறந்தன. இதனைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆயினும் அவ்விதை முழு மரமாகவில்லை. ஒன்றியத்தையும் மாவட்டத்தையும் கடந்து மேலேறுந்தோறும், "ஆங்கிலத்தில் இருந்தால் நன்றாயிருக்குமே" என்னும் குரல் பிள்ளையின் காதிற் கேட்கத் தொடங்கிவிடுகின்றது. சொல்லுவார் பகைவரல்லர், பிள்ளையின் நலம் நாடும் பெற்றோரும் ஆசிரியருமே. தான் அளந்த நீரைத் தன் மொழியில் தடையின்றி விளக்கிய பிள்ளை, எவரோ மொழிபெயர்த்துக் கொடுத்த தாளை விழுங்கி ஒப்பிக்க நேரும்பொழுது அறிவியலாளன் என்னும் நிலையினின்று கிளிப்பிள்ளை நிலைக்கு இறங்கிவிடுகின்றான். சான்றிதழ் வந்து சேர்கின்றது. ஆய்வு ஊருக்குத் திரும்புவதேயில்லை. எந்தக் கிணற்று நீரை அளந்தானோ அந்தக் கிணற்றுக்காரர் அதன் முடிவை அறியார்!

இனிச் சொற்களைப் பார்ப்போம். இன்று முத்துப்பேட்டைக் காயலைச் சுற்றுலாத் தாள்களும் செய்தித்தாள்களும் 'லகூன்' என்றே எழுதுகின்றன. படகேறி வருவோர்க்கும் அது பழகிவிட்டது. காயல் என்னும் சொல்லுக்கு என்ன நோய் வந்தது? காயற்பட்டினம் தன் பெயரிலேயே அதனைச் சுமந்து நிற்கவில்லையா? சேரநாட்டார் இன்றும் காயல் என்று தானே சொல்லுகின்றனர்? ஓதம் என்று ஒரு சொல் இருக்க, ஏற்றவற்றத்தைக் குறிக்க ஆங்கிலச் சொல்லைத் தேடுவானேன்? 'மாங்குரோவ்' என்பதும் அவ்வாறே வந்து ஒட்டிக்கொண்டது. அதனைத் தவிர்ப்பதாக எண்ணி ஆக்கிய 'சதுப்புநிலக் காடு' என்பதோ மரத்தை விட்டுவிட்டுச் சேற்றை மட்டும் சொல்கின்றது.

கண்டல் என்பது கழக இலக்கியத்து நெய்தற்றிணைப் பாடல்களில் வழங்கும் சொல். அப்பாடல்கள் கண்டலைக் கடற்கரைச் சிற்றூர்க்கு வேலியாகவே காட்டுகின்றன. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்த பிறகு, கரையோரக் காடு ஊரைக் காக்கும் உயிர்வேலி என்று உலக அறிவியலார் எழுதிக் குவித்தனர். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட நெய்தல் நிலத்தான் அதனை வேலி என்று முன்னரே சொல்லி வைத்தான். அவன் சொன்னதை அவன் வழிவந்தோர்க்குக் கற்பிக்காமல் விட்டோம்.

ஈழத்துத் தமிழ்ப் பிள்ளை இன்றும் கண்டல் என்றுதான் பள்ளியிற் படிக்கின்றது. கேரளத்துக் கண்ணூர் மாவட்டத்தில், பழையங்காடி என்னும் ஊரில், கல்லேன் பொக்குடன் என்றொரு பெரியவர் வாழ்ந்தார். பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே கற்ற கூலி உழவர். 1980களின் இறுதியில் தனி ஒருவராய்க் கழியோரத்திற் கண்டற் கன்றுகளை நடத் தொடங்கி, ஆயிரக்கணக்கில் வளர்த்து, பள்ளி மாணாக்கரைக் கூட்டிவைத்து அவற்றைப் பற்றிக் கற்பித்து, நூல்களும் எழுதி, 2015இல் மறைந்தார். மக்கள் அவரைக் கண்டல் பொக்குடன் என்றே அழைத்தனர். தமிழ்ச்சொல் தமிழ்நாட்டின் பாடத்தை விட்டு வெளியேறி மலையாளத்து உழவர் ஒருவர்க்குப் பட்டப்பெயராய் நின்றது! நாணுவதா, மகிழ்வதா?

இவ்விடத்தில் தமிழன்பர்க்கும் ஒரு சொல் உண்டு. சென்னையிலும் மதுரையிலும் அறைக்குள் அமர்ந்து அகரமுதலியைப் புரட்டிச் சொல்லாக்குவார் பலர். அவர் உழைப்பு பெரிது. ஆயினும், கழியிற் படகு தள்ளும் முதியவரை ஒரு நாளேனும் உசாவினார் எத்துணைப் பேர்? முத்துப்பேட்டை மக்கள் நாள்தோறும் வழங்கும் 'அலையாத்தி' என்னும் சொல்லுக்கு அலையை ஆற்றுவது என்று அவர்களே பொருள் கூறுவர். அதனைக் கல்லூரிப் பேராசிரியர் எவரும் செய்து கொடுக்கவில்லை. உழுவானும் மீன்பிடிப்பானும் வழங்கும் சொல் கிடக்க, அதன்மேல் புதுச்சொல்லைக் கவிழ்ப்பது தூய்மையாகாது. முதலிற் கேட்க வேண்டும். இல்லாவிடத்தே ஆக்க வேண்டும்.

கேட்டால் என்ன கிட்டும்? கோரையாறு என்னும் பெயரைக் கேளுங்கள். அவ்வாற்றங்கரையிற் கோரை செழித்த காலத்தை அப்பெயர் சொல்கின்றது. இன்று எவ்விடத்திற் கோரை நிற்கின்றது, எவ்விடத்தில் அது மறைந்து உவர்நிலத்து உமரி தலையெடுத்துள்ளது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கரையோரம் நடந்தே ஒரு படமாக வரைந்துவிடலாம். உவர் எத்துணைத் தொலைவு உள்ளேறியுள்ளது என்பதற்கு அப்படமே ஒரு சான்று. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்கு நான்கு பெயர் வைத்திருக்கும் மீனவர், ஒவ்வொரு காற்றிலும் எந்த மீன் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதையும் உடன் வைத்திருப்பர். காருவாவிலும் வெள்ளுவாவிலும் ஓதம் ஏறுவதைப் பிள்ளை பாட்டனிடம் கேட்டறிந்து, கழியில் ஒரு கோலை நட்டு அளந்து பார்க்கட்டும். நிலவின் ஈர்ப்பைப் பற்றிய பாடம் அதன்பின் நூலிலிருந்து வரட்டும்.

மக்களறிவு என்றால் பழங்கதை என்று மூக்கைச் சுளிப்பார்க்கு இக்காடே ஒரு விடை வைத்துள்ளது. வெள்ளையராட்சிக் காலத்தில் தொடங்கி விடுதலைக்குப் பின்னும் பல்லாண்டுகள் இக்காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தனர். மரம் போனபின் வெயில் பட்டு ஈரம் வற்றிச் சேற்றுநிலம் அமிழ்ந்து பள்ளமாயிற்று. ஏறிய ஓதநீர் வடிய வழியின்றித் தேங்கிக் காய்ந்தது; உப்பு மிகுந்தது; கன்று பிழைக்கவில்லை. ஆடுமாடு மேய்ந்தும் ஊரார் விறகு வெட்டியும் காடு அழிந்தது என்று நெடுங்காலம் பழி கூறிவந்தனர். 1990களில் ம.ச. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊராரோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் ஏறி வடிய வழிசெய்த பின்னரே கன்றுகள் வேரூன்றின. வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே வரவிடுவது அவ்வூரார்க்குப் புதுமையா? காட்டினூடே வாய்க்கால் வெட்டி மீன்பிடிப்பது அப்பகுதிச் சிற்றூர்களில் நெடுநாள் வழக்கம். ஓதம் போய்வரும் இடத்திற் காடு நிற்கும் என்பது அவர் கண்முன் கண்ட செய்தி. பழி சுமந்தவரிடத்திலேயே மருந்து இருந்தது.

இதிற் பிள்ளைகட்கு என்ன வேலை என்பார் உளர். காவிரி வழக்கை எண்ணிப் பார்க்க. நடுவர் மன்றம் 2007இல் வழங்கிய இறுதித் தீர்ப்பில் ஆற்றின் மொத்த நீரை 740 ஆயிரம் மில்லியன் கன அடி எனக் கணக்கிட்டு, தமிழ்நாட்டிற்கு 419 என வகுத்தது. 2018 பிப்பிரவரி 16ஆம் நாள் உச்ச முறைமன்றம் அதனை 404.25 எனக் குறைத்தது. குறைத்ததைத் தமிழர் அனைவரும் அறிவர், கொதித்தனர். அதே தீர்ப்பிற் சூழல் காப்பிற்கென 10ஆயிரம் மில்லியன் கன அடியும், தவிர்க்கவொண்ணாது கடலிற் சேர்வதென 4ஆயிரம் மில்லியன் கன அடியும் தனியே ஒதுக்கப்பட்டிருப்பதை எத்துணைப் பேர் அறிவர்? ஆற்றுநீர் கடலிற் கலப்பது வீண் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். கடலும் ஆறும் கலக்கும் அந்த அளவான உவரிலன்றோ இறாலும் கொடுவாவும் மடவையும் குஞ்சு வளர்கின்றன? அலையாத்தி முளைக்கின்றது? அப் பத்தில் எத்துணை முத்துப்பேட்டைக் காயல் வரை வந்து சேர்கின்றது என்று கேட்க வேண்டியவர், அக்காயலை நம்பி வாழ்வோர். கேட்பதற்குக் கையில் அளவு வேண்டும். கண்ணீர் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும்.

முன்னொருகால் நிகழ்ந்ததும் நினைவிருக்க வேண்டும். இறாற்பண்ணைகள் கீழைக் கடற்கரை வயல்களையும் குடிநீரையும் உவராக்கியபோது சர்வோதயத் தலைவர் ச. செகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 திசம்பர் 11ஆம் நாள், கரையோரக் காப்பு வரம்பிற்குள் பண்ணைகளை அகற்றுமாறு உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் மன்றம் பெரிதும் சார்ந்து நின்றது நாக்பூரிலிருந்து வந்த ஆய்வு நிறுவனத்தார் அளித்த அறிக்கையை. அவர்கள் சில நாள் வந்து பார்த்தனர். அங்கேயே ஆண்டு முழுதும் இருக்கும் பள்ளிகளில், பத்தாண்டுக் கிணற்றுநீர்க் கணக்கு ஒரு குறிப்பேட்டில் இருந்திருப்பின் அவ்வழக்கின் வலிமை எத்தகையதாயிருக்கும்!

அக்கணக்கை எடுக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பாமணியாற்றில் ஓரிடம், கோரையாற்றில் ஓரிடம், கழிமுகத்தில் ஓரிடம், காயலுள் ஓரிடம். பதினைந்து நாட்கு ஒருமுறை ஒரே நேரத்தில் ஒவ்வொரு புட்டி நீர். ஓர் இலிட்டரை அளந்து அகன்ற தட்டில் ஊற்றி வெயிலிற் காயவைத்து எஞ்சும் உப்பை நிறுக்கலாம். கடல்நீராயின் ஏறத்தாழ 35 கிராம் நிற்கும். மழைக்கால வெள்ளத்தில் அது எவ்வளவு குறைகின்றது, கோடையில் நன்னீர் வரத்து நின்றபின் எவ்வளவு ஏறுகின்றது என்பதைத் தட்டே சொல்லும். தொடக்கப் பள்ளிச் சிறுவர்க்கு நிறுத்தல் கடினமாயின், ஒரு நெட்டித் துண்டின் அடியில் களிமண் ஒட்டி மிதக்கவிட்டு, எந்த நீரில் மேலெழுகின்றது, எதில் ஆழ்கின்றது என்று கோடு கிழித்து வரட்டும். கயிற்றால் ஒரு மீட்டர்ச் சதுரம் கட்டி அதற்குள் உள்ள கன்றுகளை எண்ணுவதற்கு எந்த ஆய்வகம் வேண்டும்? 2018 நவம்பர் 16ஆம் நாள் கசா புயல் இக்காட்டை இலையுதிர்த்து முறித்துப் போட்டது. எவ்விடத்தில் மீண்டும் தளிர்த்தது, எவ்விடத்தில் மொட்டையாய் நின்றுவிட்டது என்று ஆண்டுதோறும் அதே சதுரத்தில் எண்ணி வந்த பள்ளி ஒன்றேனும் இருப்பின், காட்டின் பிணியை அறிய வானத்துக் கோள் எடுத்த படத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டுவதில்லை.

"இதெல்லாம் தமிழிற் செய்தால் பிள்ளை முன்னேறுமா?" என்பதே இறுதியில் எழும் கேள்வி. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்துவிட்ட நாட்டில் இக்கேள்வி எழாதிருந்தாலன்றோ வியப்பு! யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மருத்துவர் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அயலானுக்கு இருந்த நம்பிக்கை அகத்தானுக்கு இல்லை. இலங்கையில் உயர்தர வகுப்பு வரை இயற்பியலும் உயிரியலும் தமிழிற் கற்றுத் தேர்வெழுதி மருத்துவராகின்றனர். மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத்து மாவட்டத்தில் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியற் கல்வித் திட்டம் தொடங்கிற்று. சிற்றூர்ப் பிள்ளைகள் தம் மொழியில், தம் வயலிலும் ஓடையிலும் ஆய்வு செய்து கற்றனர். எழுந்த ஐயங்களைச் சவாலிராம் என்னும் கற்பனைப் பெயர்க்கு மடலாக எழுதி விடை பெற்றனர். மாவட்டம் முழுதும் பரவிய அதனை 2002இல் மாநில அரசே மூடிவிட்டது. இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு. இந்தி பேசும் ஏழைப் பிள்ளைக்கு அதன் மொழியில் அறிவு கிட்டியதை ஒப்புக்கொள்வது வேறு. அவர்க்குக் கிட்டி, பின் பறிக்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைக்குக் கிட்டவேண்டியதை நாமே வாங்க மறுக்கின்றோம். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை எவரும் தடுக்கவில்லை. உப்பு இத்துணை கிராம் என்று நிறுத்தறிந்த பிள்ளைக்கு அதனை எம்மொழியிலும் பின்னர்ச் சொல்ல வரும். நிறுக்காமலே சொற்றொடரை மட்டும் கற்ற பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமிராது.

தமிழ்நாட்டரசு ஆறு முதல் எட்டு வரை வகுப்புகட்கென 2022இல் திருச்சிராப்பள்ளியில் வானவில் மன்றத்தைத் தொடங்கியது. பெயரும் தமிழ், நோக்கமும் நன்று, செய்துபார்த்துக் கற்க ஊர்திகளில் கருவிகள் வருகின்றன. கருவி பள்ளிக்கு வருவதோடு பள்ளி கழிக்குச் செல்வதையும் அது ஏற்றாக வேண்டும். காப்புக்காட்டுள் நுழையத் துறையின் ஒப்புதல் தேவை. சுற்றுலாப் படகிற்குக் கிடைக்கும் அவ்வொப்புதல் அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகட்கு ஆண்டு முழுமைக்கும் ஒரே தாளிற் கிடைக்க வேண்டும். சேறு பட்ட சட்டையோடு வந்த பிள்ளையைத் தலைமையாசிரியர் வைதல் கூடாது. படகோட்டியையும் வாய்க்கால் மீனவரையும் திங்களுக்கு ஒருநாள் ஆசிரியராக அமர்த்தி, அன்றைய கூலியை இழக்காதவாறு ஊதியம் கொடுக்க வேண்டும். அளந்த கணக்கு தமிழில் ஒரே குறிப்பேட்டில் ஏற வேண்டும். அதன் படி ஒன்று ஊர் நூலகத்திலும், ஒன்று வனத்துறையிடமும், ஒன்று நீர்வளத் துறையிடமும் இருக்க வேண்டும். ஆண்டிற்கு இருமுறை ஊர்ப்பொதுவிற் பிள்ளைகளே அதனைப் படித்துக் காட்டி, ஊரார் கேட்கும் கேள்விகட்கு விடையும் சொல்ல வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் முதல் நீர் எடுத்துக் காயவைத்து நிறுத்து வைத்தால்தான், தை பிறக்கையில் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாம் அளவு பொருள்படும்.